ஒரு விரல் பசை

இரண்டு பரப்புகள் சரியாகப் பொருந்தாதபோது நடுவில் எதையாவது பூசி மூடலாமா? மூடினால் அவை பொருந்திவிட்டன என்று சொல்லலாமா, பொருந்தாததை மறைத்துவிட்டோம் என்றுதான் சொல்லவேண்டுமா? சிந்திப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் இதை வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். மடுல்சீமை வீதியில் கராஜ் வைத்திருக்கும் கந்தப்பனிடம் இந்தக் கேள்வி எஞ்சின் வழியாக வந்தது. ஏறக்குறைய முப்பது வருடம் அவர் அதற்கு ஒரே பதிலைச் சொன்னார். பிறகு ஒருநாள் வேறு பதில் சொன்னார்.

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் வழியில், தேயிலைக்கு நடுவே வீதி பிரியும் ஒரு சந்தியில் அந்தக் கராஜ் இருக்கிறது. தகரக் கூரை, சிமெந்துத் தூண்கள், ஒரே ஒரு வாகனம் நிற்கும் இடம். பின்சுவரோடு ஒட்டினாற்போல வீடு. கந்தப்பன் பிறந்தது மேலே ஒரு தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து மலைக்கு வேலைக்குப் போக அவருக்கு விருப்பமில்லை. பதுளையில் ஒரு கராஜில் சேர்ந்து வேலை பழகிக்கொண்டு திரும்பி வந்தார். அந்தப் பக்கத்தில் வேலை தெரிந்தவரை ‘பாஸ்’ என்பார்கள். அவரையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

எஞ்சினின் உடலுக்கும் அதன் தலைக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும். ஹெட் கஸ்கட் என்பார்கள். உள்ளே எரிகிற வாயு, ஓடுகிற எண்ணெய், சுற்றுகிற தண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அந்தத் தகடுதான். அது எரிந்துபோனால் எஞ்சின் கொதிக்கும், வெள்ளைப் புகை வரும், கடைசியில் நின்றுவிடும். புதுத் தகடு போடும்போது அதன் இரண்டு பக்கமும் பசை பூசுகிற மெக்கானிக்குகள் உண்டு. பூசினால் ஒழுகாது என்ற நம்பிக்கை. மலை வீதிகளில் ஓடும் வண்டிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். பூசாமல் மூடினால் வேலையில் ஏதோ குறைத்துவிட்டதாக நினைப்பார்கள்.

கந்தப்பன் பூசமாட்டார். இரண்டு முகத்தையும் சுரண்டித் துடைத்து, எண்ணெய்ப்பசை இல்லாமல் ஆக்கி, தகட்டைக் காய்ந்தபடியே வைப்பார். நடுவிலிருந்து வெளியே போகும் ஒழுங்கில், கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கத்தின் அளவு காட்டும் சாவியால் ஆணிகளை இறுக்குவார். பசை தகட்டை வழுக்கச் செய்யும், மிஞ்சியது உள்ளே பிதுங்கித் தண்ணீர் போகிற துளைகளை அடைக்கும் என்பார். ஆனால் அவருடைய முக்கியமான காரணம் இது:

“ஹெட்டு மட்டமா இருந்தா பசை வேணாம். வளைஞ்சிருந்தா சீவித்தான் எடுக்கணும். பசைய தேடுறவன் அது வளைஞ்சிருக்குன்னு ஒத்துக்கப் பயப்படுறவன்.”

பசையே கூடாது என்று சொல்கிறவரல்ல. எண்ணெய்த் தட்டுக்கு அவரே பூசுவார். முன்மூடியும் உடலும் சந்திக்கிற மூலையில், எஞ்சினைச் செய்தவனே சொல்லியிருக்கிற இடத்தில், ஒரு பொட்டு வைப்பார். ஹெட்டில் மட்டும் இல்லை. வளைந்த ஹெட்டைப் பதுளையில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் லேத் பட்டறைக்கு அனுப்பி மட்டமாகச் சீவி எடுப்பித்த பிறகுதான் மூடுவார். அதற்கு நாளாகும். அவசரக்காரர்கள் பசறைக்குப் போய்விடுவார்கள். கொழுந்து லொறி ஓட்டுகிறவர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பாஸ் வீட்டு ரொட்டிக்கும் எண்ணெய் தடவுவதில்லையாம் என்று அவர் காதில் விழும்படி பேசிக்கொள்வார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். வேலை சுத்தமானது என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சுத்தமான வேலை ஒரு மனிதனைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பது வேறு விஷயம்.

அவருடைய மனைவி பாக்கியலெட்சுமி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். மகள் ஜெயந்தினி பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டுவதற்கு முன்பே அவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்து வந்து, சில மாதம் இருந்து, மறுபடியும் போனார். அப்படியே மகள் வளர்ந்து பெரியவளாகி, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். கராஜின் தகரக் கூரையும், வீட்டின் முன்னறையில் கனமான கண்ணாடித் தட்டுகள் வைத்த தொலைக்காட்சி மேசையும் குவைத்துப் பணத்தில் வந்தவை.

தொலைபேசியில் பாக்கியலெட்சுமி நிறையப் பேசுவார். கந்தப்பன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். நான் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாக்கியலெட்சுமி கேட்டாராம். “வேல நடக்குது” என்றாராம் கந்தப்பன். ஊருக்கு வரும்போதெல்லாம் பாக்கியலெட்சுமி இதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கிறாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறாள் ஜெயந்தினி.

அவரை அன்பான கணவர் என்று சொல்லப் போதிய சான்று கிடையாது. அன்பில்லாதவர் என்று சொல்லவும் கிடையாது. வேறு வீட்டுக்குப் போகவில்லை, குடிக்கவில்லை, மகளை ஒருநாளும் பட்டினி போடவில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும் வார்த்தை எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இருந்ததைக் காட்டும் வார்த்தையும் வரவில்லை.

கடைசியாகப் பாக்கியலெட்சுமி திரும்பி வந்தபோது கால்கள் வீங்கியிருந்தன. இரண்டு சிறுநீரகமும் முடிந்துவிட்டன என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு தடவை அங்கே போய், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். தண்ணீர் அளவோடுதான் குடிக்கலாம். கூடினால் உடம்பில் தேங்கி நெஞ்சை அடைக்கும்.

அந்த அளவைக் கந்தப்பன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஒரு போத்தலில் இரும்பு அறுக்கும் வாளின் நுனியால் கோடு கீறி, காலையில் அதுவரை நிரப்பி மனைவியின் கையில் கொடுப்பார். அன்றைக்கு அதுதான். வெயில் நாளில் பின்னேரமே தீர்ந்துவிடும். ஒரு வாய், நாக்கு நனையுமளவு ஒரே ஒரு வாய் என்று பாக்கியலெட்சுமி கேட்பார். கந்தப்பன் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்புவார். ஜெயந்தினி ஒளித்துக் கொடுக்கப் பார்த்தாள். அம்மாதான் வேண்டாம் என்றுவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்பதற்காக இல்லையாம். அவர் திட்டமாட்டார், நாளைக்கு அந்த ஒரு வாயைக் குறைத்து ஊற்றுவார் என்பதற்காக.

பதுளைக்குக் கூட்டிப்போனவர் புவாத். பசறைக்காரர், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்கிற பேச்சு அவருடையது. பழைய டீசல் வேன் ஒன்றை வைத்துக்கொண்டு மேல் தோட்டங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றி இறக்குவார். எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. ஓட்டோக்காரர்களுக்குக் கிடைத்த கோட்டா பதுளைக்குப் போய்வரப் போதாது. பஸ்கள் குறைந்துவிட்டன. ஓடிய பஸ்ஸில் ஒருமுறை நின்றபடி போன பாக்கியலெட்சுமி பாதி வழியில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு புவாதின் வேன்தான்.

அன்று ஆயுதபூசை. விடியலில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு இறங்கிய வேன், கராஜைத் தாண்டி நெடுந்தூரம் போனபின், முனியாண்டி கோயில் வளைவில் கொதித்து நின்றது. அந்த வளைவில் பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ஒரு மூங்கில் குழாய் வழியாக விழும். அந்த வீதியில் ஓடுகிற எல்லோரும் அங்கே நிறுத்தி, முனிக்குக் கற்பூரம் ஏற்றி, வண்டிக்கும் அந்தத் தண்ணீரையே ஊற்றுவார்கள். முனியின் தண்ணீர், வண்டிக்கு நல்லது என்று ஒரு பேச்சு. நெருப்பாய்க் கொதிக்கிற எஞ்சினில் மலைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வளைந்துவிடும், ஆறும்வரை பொறுங்கள் என்று கந்தப்பன் சொல்லாத டிரைவர் இல்லை. கேட்ட டிரைவரும் இல்லை.

புவாத் பின்னால் இருந்த ஒரு கிழவியை இறக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் நேரமாகிறது. தன்னால்தான் தாமதம் என்பதுபோலப் பாக்கியலெட்சுமிக்கு ஒரு கூச்சம். இறங்கிப்போய், குவைத்திலிருந்து கொண்டுவந்த பெரிய பிளாஸ்கைக் குழாயடியில் பிடித்து நிரப்பினார். கை மரத்துப்போகுமளவு குளிர்ச்சியாக இருந்ததாம். குடிக்கவில்லை. கொண்டுவந்து புவாதிடம் நீட்டினார். புவாத் வாங்கி ஊற்றினார். உள்ளே ஏதோ ‘டக்’ என்றது.

தோட்டத்துக் கொழுந்து லொறி ஒன்று வேனைக் கயிறு கட்டி இழுத்துக் கராஜில் விட்டது; மற்ற நோயாளிகளைத் தோட்டத்துக்கே திருப்பி ஏற்றிப்போனது. கந்தப்பன் ஆணிகளைக் கழற்றி ஹெட்டைத் தூக்கும்போது முற்பகலாகிவிட்டது. தகடு எரிந்திருந்தது. நேரான இரும்புச் சட்டத்தை ஹெட்டின்மேல் வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அது தாராளமாகப் போய்வந்தது; அந்த அளவுக்கு ஹெட் வளைந்திருந்தது.

“தண்ணி ஊத்துனீங்களா?” என்று புவாதிடம் கேட்டார்.

புவாத் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பாக்கியலெட்சுமி சொன்னார்: “நாந்தான் புடிச்சிட்டு வந்து குடுத்தேன்.”

கந்தப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. “ஆற விட்டிருக்கணும்” என்றார்.

சொன்னது உண்மைதான். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்த நேரத்தில் சொல்வதற்கு வேறு உண்மைகளும் இருந்தன.

ஜெயந்தினி ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். இன்றைய முறை தவறிவிட்டது, நாளைக் காலை முதல் ஆளாக வந்தால் ஓர் இடம் தருகிறோம், அதற்குப் பிறகு எப்போது என்று சொல்லமுடியாது என்றார்கள். பாக்கியலெட்சுமியின் முகம் அதற்குள் ஊதியிருந்தது. அம்புலன்ஸைக் கூப்பிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். அங்கே அந்த இயந்திரம் இல்லை. தெரிந்த வேன்களையெல்லாம் கேட்டாயிற்று. டீசல் இருந்தவை வாடகைக்குக் கதிர்காமத்துக்கும் நுவரெலியாவுக்கும் போயிருந்தன.

கந்தப்பன் ஸ்ரீஸ்கந்தராஜாவை அழைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் பட்டறை போட்டு ஒரு தலைமுறை ஆனவர் அவர். விரதம், பூசை என்றால் இம்மி பிசகமாட்டார். இருவரும் இத்தனை வருடம் ஒத்துப்போனது அந்தப் பிசகாமையால்தான்.

“இண்டைக்கு ஏலாது கந்தப்பன். மெஷினுக்கு மாலை போட்டு, பூசையும் வச்சாச்சு. நாளைக்கு மத்தியானம் பூசை கலைச்சாப் பிறகுதான் தொடுவன். உமக்குத் தெரியாததே?”

கந்தப்பனுக்குத் தெரியும். அவருடைய கருவிகளையும் ஜெயந்தினி அதிகாலையிலேயே கழுவி, சாமி படத்தின் முன்னால் வாழையிலையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். அன்றைக்கு அவற்றைத் தொடக்கூடாது. வேன் வந்தவுடன் அவர் இலையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தன் பூசையைக் கலைத்ததை அவர் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் மாலையைக் கழற்றியிருப்பாரோ என்று புவாத் பிற்பாடு ஆதங்கப்பட்டார். மனைவிக்காக என்றுகூடக் கந்தப்பன் சொல்லவில்லை. “சரிங்க” என்று வைத்துவிட்டார்.

புவாத் பசறைக்குப் போய்ப் புதுத் தகடு ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தார். கூடவே ஒரு குழாய் பசையும் வாங்கிவந்தார்.

“பாஸ், ஒரு ட்ரிப்புக்குத்தானே. பூசி மூடுங்க. பொறகு நிதானமாக் கழட்டிச் சீவுவோம். வேற வழி ஈக்கா?”

“ஒரு ட்ரிப்பு ஓடும்னு யாரு சொன்னது? வளைவுல நின்னு போச்சின்னா? அவள ரோட்டுல வச்சிக்கிட்டு என்னா செய்ய?”

“இங்க வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க?”

கந்தப்பன் எழுந்து வீட்டுக்குள் போனார். தொலைக்காட்சியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, மேசையின் கண்ணாடித் தட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதைச் சிமெந்துத் தரையில் மட்டமாகப் போட்டு, மேலே உப்புத்தாளை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். இயந்திரம் சில நிமிடத்தில் சீவுவதைக் கையால் தேய்த்து எடுக்கப் பார்த்தார். புவாத் மாற்றிப் பிடிக்க வந்தார். விடவில்லை. ஒரே அழுத்தமாக இருக்கவேண்டும், கை மாறினால் கோணும் என்றார். மத்தியானச் சோறு மூடியபடியே இருந்தது. தோட்டத்தில் பூசைக்கு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்து, ஹெட்டின் ஓரமெல்லாம் ஈரமாகிவிட்டது. நடுநடுவே துடைத்துவிட்டு இரும்புச் சட்டத்தை வைத்து அளப்பார். மறுபடியும் தேய்ப்பார்.

பின்னேரம் மூடுபனி இறங்கும்போது கடைசியாக அளந்தார். மற்ற இடங்களில் அளவுத் தகடு நுழையவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இன்னும் நுழைந்தது. இறுக்கமாக, ஆனால் நுழைந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார். பாக்கியலெட்சுமி பெட்டியிலிருந்து எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். கண்ணாடியையும் அதன்மேல் இருந்த கீறல்களையும் பார்த்தார்.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“ஒரு மசிரு கனம்.”

“அதுக்குப் பூசுனா என்னா?”

“தப்பு.”

“தப்பா இருந்துட்டுப் போகட்டும்” என்றார் பாக்கியலெட்சுமி. “வண்டிக்காக ஒண்ணும் கேக்கல. எனக்காகக் கேக்குறேன். நான் உங்ககிட்ட என்னா கேட்டிருக்கேன் இத்தன வருசத்துல?”

அவர் கேட்டிருந்தார். ஒரு வாய் தண்ணீர் கேட்டிருந்தார், தினமும். அது இரண்டு பேருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும்.

கந்தப்பன் கையை நீட்டினார். புவாத் பசைக் குழாயை அதில் வைத்தார்.

அதன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஆட்காட்டி விரலின் நுனியில் கொஞ்சம் எடுத்து, தகட்டின்மேல் அந்த இடத்தில் மட்டும், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிசாக இழுத்தார். தண்ணீர்த் துளைகளைச் சுற்றித் துணியால் துடைத்தார். இரண்டு பக்கமும் அப்படியே. பிறகு மூடினார். அளவு காட்டும் சாவியில் எண்களைப் பார்க்க, அதன்மேல் மகள் வைத்திருந்த சந்தனப் பொட்டைப் பெருவிரலால் வழித்துவிட்டார். ஒழுங்குப்படி, படிப்படியாக இறுக்கினார். காலைவரை காயட்டும் என்று விட்டார்.

விடியலில் கராஜைப் பூட்டிவிட்டு அவரும் வேனில் ஏறினார். அதுவரை ஒருநாளும் கூடப் போனதில்லை. முன் இருக்கையில் புவாதின் பக்கத்தில் உட்கார்ந்து, பதுளை வரும்வரை சூடு காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின் இருக்கையில் பாக்கியலெட்சுமி மகளின் தோளில் சாய்ந்துகொண்டு, அவருடைய பிடரியைப் பார்த்தபடி வந்தார். முள் நடுவில் நின்றது. ஏறவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாலையில் முகத்தின் வீக்கம் வடிந்திருந்தது.

திரும்பும்போது முனியாண்டி வளைவில் எஞ்சினை ஆறவிட நிறுத்தினார்கள். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்று மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பாக்கியலெட்சுமி கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாய் குடிச்சிக்கிறேனே” என்றார்.

கந்தப்பன் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

“அளவு முடிஞ்சிருச்சி பாக்கியம்” என்றார்.

ஒரு விஷயத்தில் வளைந்தவர் எல்லாவற்றிலும் வளைவார் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. பசை விஷயத்தில் அவர் சொல்லிவந்தது சரி, அதை விட்டார். தண்ணீர் விஷயத்தில் மருத்துவர் சொன்னது சரி, அதை விடவில்லை. எதை விடுவது என்பதை எந்தச் சட்டத்தை வைத்து அளந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்.

ஒரு நாளைக்கென்று பூசியது அந்த நாளைத் தாண்டியும் நின்றது. ஓடுகிறதை ஏன் கிளறவேண்டும் என்று புவாத் தள்ளிப்போட்டார். இப்படியான வேளையில் கழற்று, கழற்று என்று வண்டிக்காரர்களை நச்சரிக்கிற கந்தப்பன் பேசாமல் இருந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் கராஜைப் பூட்டிவிட்டு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். முள்ளைப் பார்த்தபடியே போய்வந்தார். பாக்கியலெட்சுமிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“உங்கப்பா என்னோட வரல, முள்ளோட வாராரு” என்று மகளிடம் சொல்வார். கொஞ்சம் கழித்து, “வாராருதானே” என்பார்.

ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் போயின. மார்கழியில் ஒருநாள், இயந்திரத்தில் போடுவதற்கு முன்பே பாக்கியலெட்சுமிக்கு நெஞ்சு அடைத்தது. வேன் அன்றைக்கும் நேரத்துக்குத்தான் வந்திருந்தது. தாமதம் யாராலும் இல்லை. உள்ளே அவசரமாக ஓடினார்கள், செய்யக்கூடியதைச் செய்தார்கள். ஜெயந்தினி வெளியே ஓடிவந்து தேடியபோது, கந்தப்பன் மழைக்குள் வேனின் மூடியைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் முடிந்துவிட்டது. கட்டிலின் தலைமாட்டில் அன்றைய போத்தல் இருந்தது. கோட்டிலிருந்து கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

உடலைக் கொண்டுவந்ததும் அந்த வேன்தான். அடக்கம் தோட்டத்து மயானத்தில். கணவனே குடம் சுமக்கவேண்டும் என்றார்கள். தண்ணீர் நிறைத்த குடத்தைத் தோளில் வைத்துக் குழியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை போட்டார்கள். தண்ணீர் அவர் முதுகில் வழிந்து மண்ணில் விழுந்தது. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார். களைப்பு என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். குடத்தைக் கீழே போட்டு உடைக்கச் சொன்னபோது, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தாராம்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவரே புவாதை அழைத்து வேனைக் கொண்டுவரச் சொன்னார். கழற்றினார். பூசிய இடம் பிதுங்காமல், துளைகளை அடைக்காமல், பூசியபடியே இருந்தது. அதைச் சற்று நேரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, சுரண்டிச் சுத்தமாக எடுத்தார். ஹெட்டைப் பதுளைக்கு அனுப்பினார். ஸ்ரீஸ்கந்தராஜா மட்டமாகச் சீவி, செய்தி கேள்விப்பட்டேன் என்று சொல்லியனுப்பி, கூலி வாங்காமல் திருப்பி அனுப்பினார். கந்தப்பன் இரும்புச் சட்டத்தை வைத்து அளந்தார். எங்கேயும் அளவுத் தகடு நுழையவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலும் நுழையவில்லை. புவாதும் நுழைத்துப் பார்த்தார்.

புதுத் தகட்டைக் காய்ந்தபடியே வைத்தார். ஹெட்டைத் தூக்கி வைக்க இருவரும் குனிந்தபோது, “கொஞ்சம் இரு” என்றார். இராக்கைத் தட்டிலிருந்து அந்தப் பழைய பசைக் குழாயை எடுத்து, காய்ந்துபோயிருந்த வாயை ஆணியால் குத்தித் திறந்தார். விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, அதே இடத்தில், அதே மெல்லிசாக இழுத்தார்.

“இப்ப என்னத்துக்கு பாஸ்? மட்டமாத்தானே ஈக்கி?” என்றார் புவாத்.

கந்தப்பன் விரலைத் துணியில் துடைத்துவிட்டு ஹெட்டின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்கும்படி புவாதுக்குக் கண்ணால் காட்டினார்.